கொல்லைப்புற அறைக்கு ஒப்பமிட்டுக் கொடுத்தேன். இப்போது அதன் கூரைத் தண்ணீர் எங்கள் முற்றத்தில் விழுகிறது. என்ன செய்யலாம்?

பேவியூ மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பகுதியில் என் அம்மாவோடு வசிக்கிறேன். எங்கள் வீடு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் சரிவில் இருக்கிறது. எங்கள் கொல்லைக்குப் பின்னால், ஆள் உயரத் தாங்குசுவருக்கு மேலே, மற்றொரு குடும்பத்தின் கொல்லை தொடங்குகிறது. அந்த வீட்டு அங்கிளை நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து அறிவேன். அப்பா இறந்தபோது பந்தல் போட்டதும், பதினாறாம் நாள் வரை காலைத் தேநீர் அனுப்பியதும் அவர் குடும்பம்தான். ஆகவே, இதை அவர்மீது வைக்கும் குற்றச்சாட்டாக யாரும் வாசிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் அங்கிள் ஒரு தாளோடு வந்தார். எல்லையை ஒட்டிக் கருவிகள் வைக்கும் அறை ஒன்று கட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. நீளம், அகலம், உயரம் எதுவும் இல்லை, வரைபடமும் இணைக்கப்படவில்லை. நான் கேட்கவும் இல்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமையல் மேசையில் வைத்தே ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

இப்போது அங்கே எழுந்திருப்பது பிளாக் கல்லில் கட்டிய ஓர் அறை. எங்கள் பக்கத்திலிருந்து அளவுநாடா பிடித்துப் பார்த்தேன்: நீளம் 5.6 மீட்டர். அகலம் 3.2 மீட்டர் என்று அங்கிளே சொன்னார். உள்ளே கழிப்பறையும் உண்டு. ஜோகன்னஸ்பர்கில் வேலை இழந்து திரும்பிய அவருடைய பேரன் அதில் குடியேறப் போகிறான். ஆவணி மாதம் அவனுக்குக் கல்யாணம். அறையின் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே என் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் மட்டும் நுழைகிறது. மேடும் பள்ளமுமாக மடித்த ஐ.பி.ஆர். தகரக் கூரை எங்கள் பக்கமாகச் சரிகிறது, கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் கட்டர் இல்லை.

எங்கள் கொல்லையில் சிரிங்கா மரத்தடியில் அம்மா வைத்திருக்கும் மாரியம்மன் மேடை இருக்கிறது. வேம்புக்குப் பதிலாக நம் முன்னோர் இந்த ஊரில் கொண்டாடிய மரம் அது. ஆடியில் கூழ் வார்ப்பதும் அங்கேதான். சென்ற மாத மழையில், தகரத்தின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் கயிறுபோல் இறங்கிய தண்ணீர், மேடையின் அடியில் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் அறுத்துவிட்டது. கறிவேப்பிலைச் செடியின் வேர் வெளியே தெரிகிறது.

என் ஒப்பம் என்னைக் கட்டுப்படுத்துமா? அறையை இடிக்கச் சொல்லாமலேயே இந்தத் தண்ணீரை நிறுத்த வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூர்ட்டன் வரைவாளர் எழுதியது:

அக்கா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வரைபடங்கள் தயாரித்து வருகிறேன். உங்கள் ஒப்பத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் நீக்கிவிடலாம். பக்கத்து வீட்டாரின் ஒப்பம் வேறு, மாநகராட்சியின் ஒப்புதல் வேறு. 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் தேசியக் கட்டட விதிகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, உள்ளாட்சியின் எழுத்துமூல முன் ஒப்புதல் இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து ஒப்பமிட்டாலும் அந்த ஒப்புதலுக்கு ஈடாகாது. எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளியைத் தளர்த்தித் தரும்படி விண்ணப்பிக்கும்போது, அண்டை வீட்டாரின் சம்மதத்தை வழக்கமாக இணைக்கிறோம். அங்கிள் வாங்கிய தாளுக்கு உள்ள பயன் அவ்வளவுதான். விண்ணப்பமே போடவில்லை என்றால் அந்தப் பயனும் இல்லை.

"கருவி அறைக்குப் பிளான் தேவையில்லை" என்று நம் ஆட்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விதிகளில் சிறு கட்டட வேலை என்று ஒரு வகை உண்டு. 10 சதுர மீட்டருக்கு மேற்படாத கருவி அறை, அதே அளவுக் கோழிக்கூடு, 15 சதுர மீட்டர் வரையிலான செடி வளர்ப்புக் கண்ணாடி வீடு, 5 சதுர மீட்டர் வரையிலான குழந்தைகள் விளையாட்டு வீடு, 40 சதுர மீட்டருக்கு மேற்படாத திறந்த பக்கக் கார் நிறுத்தம், மண்ணைத் தாங்காத, 1.8 மீட்டருக்கு மேற்படாத தனிச்சுவர் ஆகியவை அதில் வரும். இவற்றுக்கு முழு வரைபடம் சமர்ப்பிப்பதிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் 13-ஆம் பிரிவின்படி கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இருக்கிறது. அவரிடம் போய் அந்த விலக்கைக் கேட்டுப் பெற வேண்டும். நாமாகவே எடுத்துக்கொள்ள முடியாது. மேலும், 3.2-ஐ 5.6-ஆல் பெருக்கினால் 17.92 வருகிறது. 10-ஐத் தாண்டிவிட்டது, மனிதர் படுத்து உறங்கும், கழிப்பறை உள்ள அறை எந்த அளவில் இருந்தாலும் கருவி அறை ஆகாது. கடையில் வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தும் மரத்தாலான வெண்டி ஹவுஸுக்கும் இதே கணக்குதான்.

ஒப்புதல் இல்லாமல் கட்டினால் 4-ஆம் பிரிவு விதிக்கும் அபராதம், கட்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ராண்டுக்கு மேற்படாத தொகை. இந்தச் சிறு தொகையைக் கேள்விப்பட்டுத்தான் பலர் துணிந்து கட்டுகிறார்கள் என்பது என் வருத்தம். உண்மையான செலவு பின்னால் வருகிறது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வங்கி ஒப்புதல் முத்திரையிட்ட வரைபடத்தைக் கேட்கும். புயலில் கூரை பறந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக்கூடும்.

கட்டிய பிறகும் உள்ளபடியே வரைந்து சமர்ப்பிக்கலாம். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால், விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த 30 நாட்களுக்குள் உள்ளாட்சி முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. முதலில் அங்கிளிடம் முத்திரையிட்ட வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெருளம் தாத்தா எழுதியது:

மகளே, தம்பி சொல்லும் சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மாநகராட்சிக்குக் கடிதம் எழுதும் எண்ணம் உனக்கு வந்தால், ஓர் இரவு பொறுத்திரு என்று கேட்டுக்கொள்கிறேன்.

டர்பனின் கேட்டோ மேனரில் எங்களுக்குத் தகரமும் பலகையும் கொண்டு கட்டிய வீடு இருந்தது. சுற்றிலும் வாழையும் பலாவும், கீழே ஓடை வரைக்கும் மரவள்ளியும் இருந்தன. அண்ணன் தம்பிகள் ஐந்து பேருக்கும் கல்யாணம் ஆக ஆகப் பக்கத்தில் ஓர் அறை சேர்த்தோம். இனம் பார்த்துக் குடியிருக்கும் இடத்தைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டத்தைக் காட்டி எங்களை அங்கிருந்து கிளப்பினார்கள். 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் கொடுத்தது, ஒட்டுச்சுவர் வீடும் கைக்குட்டை அளவு கொல்லையும். கூட்டுக் குடும்பத்தை அந்த இடத்துக்குள் எப்படி அடக்குவது? கொல்லையில் அறை எழுந்தது. அப்படி எழுந்த அறைகளில்தான் என் தலைமுறையின் பாதிப் பேர் குடும்பம் நடத்தினோம். எங்களில் பலருக்கு, வரைபடத்தோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும் அதிகாரி என்றால் இன்றும் அடிவயிறு கலங்கும். உன் அங்கிளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றையும் நினைத்துப்பார். நான் முன்பு இருந்த தெருவில் ஒரு வீட்டைப் பற்றிப் புகார் போயிற்று. வந்த ஆய்வாளர் அந்த ஒரு கொல்லையோடு நிற்கவில்லை. அந்த வரிசையில் இருந்த ஆறு வீட்டுக்கும் அறிவிப்பு வந்தது. புகார் கொடுத்தவர் வீட்டிலும் ஒப்புதல் இல்லாத கார் நிறுத்தம் இருந்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் ஒருவர் வீட்டுத் தேருக்கு மற்றவர் தேங்காய் உடைக்கவில்லை.

பேவியூ மகள் எழுதியது:

தாத்தா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் கேட்டோ மேனரிலிருந்து வந்தவர்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பொறுத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு மறுபடியும் மழை பெய்தது. விடிந்ததும் தாங்குசுவரைப் போய்ப் பார்த்தேன். அறையின் மூலைக்கு நேர் கீழே, சுவரின் தலையிலிருந்து முழங்கால் உயரம் வரை படிப்படியாக ஒரு விரிசல் இறங்கியிருக்கிறது. ஒரு தீக்குச்சியைச் செருகினேன். பாதி வரை உள்ளே போயிற்று. சுவரில் அப்பா விட்டிருந்த கசிவுத் துளைகள் ஐந்தில் இரண்டிலிருந்து மட்டும் செம்மண் கலந்த தண்ணீர் வந்தது. மற்ற மூன்றும் அடைத்திருக்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மண்ணோடு சரிந்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்தோம். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்மா படுக்கும் அறை அந்தச் சுவரிலிருந்து நான்கு அடி தூரத்தில் இருக்கிறது.

அங்கிளிடம் கேட்டேன். முத்திரையிட்ட வரைபடம் இல்லை. மேஸ்திரி "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னாராம்.

மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்ற வழக்குரைஞர் எழுதியது:

அம்மா, விரிசல் வந்துவிட்டது என்பதால் சட்டத்தின் நிலையை நீங்கள் முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. அதைப் பயன்படுத்துவதா என்பது பிறகு பார்க்க வேண்டியது.

அளவு சொல்லாத, வேறு பயனைச் சொல்லி வாங்கிய ஒப்பத்தை இந்த அறைக்குச் சம்மதமாக நீட்ட முடியாது என்று நீங்கள் உறுதியாக வாதிடலாம். அதை இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்த மாதங்கள் பிற்பாடு உங்களுக்கு எதிராக எண்ணப்படும்.

அடுத்தது பலர் தவறாக நம்பும் ஒரு செய்தி. அண்டை வீட்டாரைக் கேட்காமல் வரைபடத்தை ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நினைக்கிறோம். கேப் டவுன் மாநகராட்சிக்கு எதிரான வலேலே வழக்கில், விதிகளுக்கு உட்பட்ட வரைபடத்தை ஒப்புக்கொள்ளும் முன் அண்டை வீட்டாரின் கருத்தைக் கேட்கும் கடமை உள்ளாட்சிக்கு இல்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2008-இல் சொல்லியது. அதே தீர்ப்பில், அதிகாரி போதுமான தகவலோடு மனநிறைவு அடையவில்லை என்பதற்காக அந்த ஒப்புதலை நீக்கவும் செய்தது. ஏனெனில் தம்பி சொன்ன கட்டட விதிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, கட்டடம் அண்டை நிலங்களின் மதிப்பைக் குறைக்கும் என்றோ, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாகும் என்றோ இருந்தால் உள்ளாட்சி அதை மறுத்தே ஆகவேண்டும். உங்கள் விரிசல் இந்தச் சொற்களுக்குள் நேராக வருகிறது. ஆகவே, அங்கிளின் விண்ணப்பம் போகும்போது விரிசலின் படமும் அளவும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். கோப்பைப் பார்க்க விரும்பினால், 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும்.

இடிப்பு ஆணை பற்றி அங்கிளின் பேரன் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ், உள்ளாட்சியோ அமைச்சரோ கேட்டால், ஒப்புதல் இல்லாத கட்டடத்தை இடிக்குமாறு மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். கென்ட்டன்-ஆன்-சீ என்ற கடலோர ஊரில் ஒருவர் ஒப்புதல் இல்லாமல் கட்டிய பெரிய மாளிகை பற்றிய வழக்கில், உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் முழு இடிப்பை உறுதி செய்தது. எவ்வளவு பணம் செலவானது, எவ்வளவு துன்பம் நேரும் என்பதை எடைபோட அந்தப் பிரிவு இடம் தரவில்லை என்றது. இரக்கத்தை நம்பி அறையில் குடியேறுவது பாதுகாப்பல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தண்ணீரைப் பொறுத்தவரை, கீழ் நிலத்தார் மேலிருந்து இயல்பாக வரும் நீரை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டின் பழைய விதி. ஆனால் கூரையில் திரட்டி ஓர் இடத்தில் கொட்டும் நீர் இயல்பாக வருவதல்ல. அண்டை நிலத்தின் மண் சரியாமல் தாங்கி நிற்பதற்குள்ள உரிமையும் தனியாக இருக்கிறது. சேதத்துக்குப் பணம் மட்டும் கேட்பதானால் வழக்குரைஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதன் உச்ச வரம்பு 2019-இல் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. கூரையைத் திருப்பும்படி ஆணையிட அந்த நீதிமன்றத்தால் முடியாது.

உம்ஷ்லாங்கா குடியிருப்பாளர் எழுதியது:

அடுக்குக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. எங்கள் வளாகத்தில் தோட்டத்தில் நிழற்கூரை போட்ட தகராறு, இத்தகைய கூட்டுக் குடியிருப்புகளின் வழக்குகளைத் தீர்க்கும் சமூகத் திட்டங்களின் குறைதீர்ப்பு அமைப்பில் முடிந்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. தனி வீடுகளுக்கு அந்த வழி இல்லை என்பதால் இந்த அக்காவுக்குப் பயன்படாது.

மூர்ட்டன் வரைவாளர் எழுதியது:

அக்கா, நான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் வந்து பார்க்கலாமா? அதற்கு முன்பு, படங்களிலிருந்து புரிந்ததை எழுதுகிறேன். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட சண்டைகள் உயரத்திலோ இடைவெளியிலோ தொடங்குவதாகத் தோன்றினாலும், நம்முடைய சரிவான தெருக்களில் பெரும்பாலும் தண்ணீரிலிருந்துதான் பிறக்கின்றன. அறையைப் பற்றிப் பேசினால் இரண்டு வீட்டாரும் மானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசினால் லிட்டரைப் பற்றிப் பேசலாம்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அந்தக் கூரை ஏறத்தாழ 18 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்யும் ஓர் இரவில் 900 லிட்டர் உங்கள் மேடைக்கு முன்னால் கொட்டுகிறது. 2022 ஏப்ரலில் டர்பனின் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளில் 5,400 லிட்டர். இதில் ஒரு பங்கு தாங்குசுவரின் முதுகில் ஊறினாலும், அடைத்த துளைகளுக்குப் பின்னால் ஈரமண் கனத்துச் சுவரைத் தள்ளும். சுவரின் தலைமேல் அறையின் பாரமும் ஏறியிருக்கிறது. உங்கள் அப்பா கட்டியபோது அந்தச் சுவருக்கு இந்த இரண்டு பாரமும் இல்லை.

கட்டட விதிகளின் மழைநீர்ப் பகுதி, கட்டடத்திலிருந்து ஓடிவரும் நீரை அடக்கி அகற்றும் ஏற்பாட்டை நில உரிமையாளரே செய்ய வேண்டும் என்கிறது. தனி வீடுகளுக்கு, சிறப்பு ஏற்பாடு தேவையில்லை என்று காட்ட முடிந்தால் விலக்கு உண்டு. மேடையின் அடியில் வாய்க்கால் அறுந்திருக்கும்போது அப்படிக் காட்ட முடியாது. கூரை நீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்வார். அதையும் விதி தடுக்கிறது.

கட்டர் மாட்டினால் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். உள்ளங்கை நுழையும் இடைவெளியில் கட்டர் நிற்காது. எல்லையைத் தாண்டி உங்கள் வானத்தில் தொங்கும். ஆகவே, கூரையின் சரிவைத் திருப்ப வேண்டும். உங்கள் பக்கத்துச் சுவரில் மூன்று வரிசைப் பிளாக் கல் ஏற்றினால், தகரம் அங்கிளின் முற்றத்துப் பக்கமாகச் சரியும். அங்கே கட்டரும், மழைநீரைச் சேர்க்கும் ஒரு ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியும் வைத்து, தொட்டி நிறைந்தால் வழியும் நீரைத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோகலாம். இதில் உங்களுக்கு ஓர் இழப்பு உண்டு. சமையலறை ஜன்னலுக்கு எதிரே சுவர் இன்னும் 60 சென்டிமீட்டர் உயரும். தாங்குசுவரை நான் தீர்மானிக்கக்கூடாது. பதிவு பெற்ற கட்டுமானப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும்.

வெருளம் தாத்தா எழுதியது:

தம்பி, லிட்டர் கணக்கைப் பார்த்த பிறகு என் சொல்லை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். அம்மா படுக்கும் அறை அவ்வளவு அருகில் என்றால் ஓர் இரவுகூடப் பொறுக்க வேண்டாம். பொறியாளர் பார்க்கும் வரை அவரை முன்னறைக்கு மாற்று, மகளே.

பேவியூ மகள் எழுதியது:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அன்றிரவே அம்மாவை முன்னறைக்கு மாற்றினோம். மறுநாள் மாலை அங்கிளை எங்கள் கொல்லைக்கு அழைத்தேன். அறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீக்குச்சியை அவர் கையில் கொடுத்து விரிசலில் செருகிப் பார்க்கச் சொன்னேன். அவர் செருகினார். பிறகு நிமிர்ந்து அம்மாவின் ஜன்னலைப் பார்த்தார். மேலே இருந்தபடி அவர் இந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்தது அதன் தலை மட்டும்தான். "அக்கா இங்கேயா படுக்கிறாங்க?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

பொறியாளரை அவரே வரவழைத்தார். அறையின் அஸ்திவாரம் சுவரின் முதுகுக்கு மிக அருகில் இருப்பதாகவும், அந்தப் பகுதியில் சுவரை அடியிலிருந்து புதிதாகக் கட்டி, பின்னால் சரளைக்கல் நிரப்பி, துளைகளுக்குக் குழாய் வைக்க வேண்டும் என்றும் பொறியாளர் எழுதிக் கொடுத்தார். அந்தச் செலவை அங்கிள் ஏற்றுக்கொண்டார். வேலையாட்கள் எங்கள் கொல்லை வழியாக வந்து போக நாங்கள் இடம் கொடுத்திருக்கிறோம். சுவர் முடியும் வரை பேரன் அந்த அறையில் படுப்பதில்லை.

கூரைக்காகச் சுவரை உயர்த்துவதைப் பற்றி இரண்டு நாட்கள் யோசித்தேன். காலை வெயில் சமையலறைக்கு வருவது குறையும். ஆனால் தண்ணீர் நிற்கும். சம்மதித்தேன்.

மூர்ட்டன் தம்பி வரைந்த வரைபடமும், எல்லை இடைவெளியைத் தளர்த்தும் விண்ணப்பமும் சென்ற வெள்ளிக்கிழமை மாநகராட்சிக்குப் போயின. புதிய சம்மதத் தாளில் நீளம், அகலம், உயரம், கூரை சரியும் திசை, தொட்டியின் இடம் எல்லாம் எழுதியிருக்கிறது; வரைபடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நானும் அங்கிளும் ஒப்பமிட்டோம். விரிசலின் படங்களையும் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. பழைய தாளை அவரே திருப்பிக் கொடுத்தார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். சுவர் வேலைக்காகச் சிரிங்காவின் ஒரு கிளையை வெட்ட வேண்டியிருக்கும் என்று மேஸ்திரி சொன்னதும், ஆடி முடியும் வரை அந்தக் கிளையைத் தொடக்கூடாது என்றார். வேலை அதற்கேற்ப மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. மாநகராட்சியின் விடை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.